பச்சையப்பரின் கணக்கு

1794-ஆம் ஆண்டு மார்ச் மாதம், கும்பகோணத்தில் நோயுற்றுப் படுத்திருந்த ஒரு வணிகர், தமக்குப் பின் தம் பணம் என்ன ஆக வேண்டும் என்று எழுதிவைத்தார். அந்த மாதம் முடிவதற்குள் திருவையாற்றில் அவர் உயிர் பிரிந்தது. வயது 40. அவர் எழுதிவைத்ததெல்லாம் தெய்வ காரியங்கள்தான்: கோவில் கட்டளைகள், பூசைகள், காசி முதல் தென்கோடி வரையுள்ள தலங்களில் நடக்க வேண்டிய தருமங்கள். ஆனால் அந்தப் பணத்திலிருந்து 1842 ஜனவரி 1-ஆம் நாள் சென்னையின் கறுப்பர் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம் பிறந்தது. 1889-இல் அது முதல்நிலைக் கல்லூரியாக உயர்ந்தது. பச்சையப்பன் கல்லூரி என்றால் இன்று தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. பச்சையப்ப முதலியாரை வள்ளல் என்று அழைத்து மாலை போடுகிறோம், அதில் தவறேதும் இல்லை. ஆனால் உயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே 48 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த 48 ஆண்டுகளில் நடந்ததை விட்டுவிட்டு அவரை நினைவுகூர்வது பாதி நினைவுதான் என்பது என் துணிபு. பக்தியுள்ள ஒரு வணிகரின் கொடை ஊரின் சொத்தாக மாறுவது அவர் கொடுத்த நாளில் நடப்பதில்லை. அதற்குக் கணக்குக் கேட்கும் நாளில்தான் அது நடக்கிறது.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1754-இல் பிறந்தபோதே அவருக்குத் தந்தை இல்லை. கைம்பெண்ணான தாய் பெண் குழந்தைகளோடு பெரியபாளையத்தில் அடைக்கலம் தேடி, பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தார். அங்கே நாராயண பிள்ளை என்ற துபாசியின் ஆதரவு கிடைத்தது. துபாசி என்றால் இரண்டு மொழி அறிந்தவர் என்பது நேர்ப்பொருள். ஆனால் அந்தக் காலத்துச் சென்னையில் துபாசியின் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. வெள்ளைக்கார வணிகருக்குச் சரக்கு வாங்கித் தருவது, கடன் ஏற்பாடு செய்வது, அரண்மனைகளோடு பேரம் பேசுவது, வரி வசூலை ஏற்று நடத்துவது என எல்லாமே அவர் கையில் இருந்தன. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எப்படியோ, சென்னையிலும் தஞ்சையிலும் பச்சையப்பர் அப்படி வளர்ந்தார். இருபது வயதின் தொடக்கத்திலேயே செங்கல்பட்டுப் பக்கம் வரி வசூல் பொறுப்பு, பிறகு தஞ்சாவூர் அரண்மனையோடு பெரும் கொடுக்கல் வாங்கல். இத்தனைக்கும் நடுவில், கோமளீசுவரன்பேட்டையில் வசித்த நாட்களில் கூவத்தில் குளித்துவிட்டு ஈசனைத் தொழுவது அவருடைய அன்றாட வழக்கமாக இருந்தது. கூவம் குளிக்கத்தக்க ஆறாக இருந்த காலம் அது. அவரைப் போன்ற சைவ வணிகருக்குக் கோவிலும் கடையும் வெவ்வேறு உலகங்களாகத் தெரிந்திருக்காது. காலையில் திருநீறு பூசிய கைதான் பகலில் கணக்கு எழுதியது. சிதம்பரத்திலும் காஞ்சியிலும் அவர் பெயரில் நிற்கும் திருப்பணிகளையும் கட்டளைகளையும் இந்த ஒருமையை மனத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

அவர் மறைந்ததும் நடந்தது நம் ஊர்களில் இன்றும் நடப்பதுதான். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களும் வாரிசுரிமை கோரியவர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தருமத்துக்கென ஒதுக்கிய பணம் தருமத்துக்குப் போகவில்லை. 1801-இல் சென்னையில் உச்ச நீதிமன்றம் ஏற்பட்ட பின் வழக்கு அங்கே போய், ஆண்டுக்கணக்காக நீண்டது. கும்பினி அரசின் தலைமை வழக்கறிஞர்களாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டனும், அவருக்குப் பின் ஜார்ஜ் நார்ட்டனும் பொது தருமத்தின் சார்பில் வாதாடினார்கள். முடிவில் நீதிமன்றம் பணத்தை மீட்டது. உயிலில் சொன்ன தெய்வ காரியங்களுக்கென ஒரு லட்சம் வராகன், அதாவது அந்நாளைய மாற்று விலையில் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய், தனியே உறுதி செய்யப்பட்டது. வழக்கு நடந்த காலமெல்லாம் வட்டி ஏறிப் பெருகியிருந்த மிச்சத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்று முடிவாயிற்று. சென்னையின் இந்துப் பிரமுகர்களைக் கொண்ட தருமகர்த்தர் குழு ஒன்று பொறுப்பேற்றது. அறக்கட்டளைகளின் விவரம் கல்லில் வெட்டப்பட்டு, கோவில்களில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டது. சைனா பஜாரில் 1846-இல் அடிக்கல் நாட்டி 1850-இல் திறந்த பச்சையப்பன் மண்டபத்தை ஏதென்ஸ் நகரத்துக் கோவில் ஒன்றை மாதிரியாக வைத்துக் கிரேக்கத் தூண்களோடு எழுப்பினார்கள். சிவபக்தர் ஒருவரின் பெயர் அந்தத் தூண்களின் மேல் ஏறியது, ஒரு காலம் இன்னொரு காலத்தோடு கைகோத்ததன் அடையாளமாக எனக்குப் படுகிறது.

இதில் மூன்று செயல்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அவர் எழுதிவைத்தார். அவருக்கு எந்த உறவும் இல்லாத சிலர், எழுதியது நடந்ததா என்று கேட்டார்கள். கேட்டதன் பலனாக ஒரு குழு அமைந்து, பணம் ஒருவர் பையிலிருந்து பலர் பார்வைக்கு வந்தது. மூன்றில் முதலாவதை மட்டும்தான் நாம் கொண்டாடுகிறோம். ஆனால் முதலாவதை மட்டும் செய்த வணிகர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். பெருவழிகளில் சத்திரம் கட்டினார்கள், ஏரிக்கு மதகு வைத்தார்கள், திருவிழாவுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் நிலம் எழுதிவைத்தார்கள். சத்திரம் என்ற பெயர் மட்டும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்க, கட்டடமும் நிலமும் கைமாறிப்போன இடங்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. அந்த வணிகர்களின் பக்தி பச்சையப்பருடையதைவிடக் குறைந்தது என்று யார் சொல்ல முடியும்? அவர்கள் கொடைக்குக் காவலாக நின்று கேட்க ஆளில்லாமல் போயிற்று, அவ்வளவே. பச்சையப்பரின் பெயரும் 1794-க்கும் 1842-க்கும் நடுவே ஏதோ ஓராண்டில் அப்படியே கரைந்திருக்கும். கரையாமல் காத்தவை அலுப்பூட்டும் வழக்குக் கட்டுகளும் கணக்கேடுகளும்தான்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, இது வெள்ளைக்காரர் சட்டம், அவர்கள் நீதிமன்றம், நம் மரபில் தருமம் நம்பிக்கையால் நடந்தது என்பது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டவை, குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. வாரியத்துக்கு யாரை நிறுத்தலாம் என்று சொல்லும் அந்த விதிகள், யாரை நிறுத்தக்கூடாது என்பதையும் விரிவாகச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் அந்தத் தடைப் பட்டியலில் வருகிறார். அவரோடு அவருடைய நெருங்கிய உறவினர்களும் வருகிறார்கள். சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை எழுவதற்கு 700 ஆண்டுகளுக்கு முன், பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவன் குடும்பத்தோடு பொதுவாழ்விலிருந்து விலக்கப்பட்டான். அண்மைக் காலத்துக்கு வந்தால் தென்மாவட்ட வணிகர்களின் மகமை இருக்கிறது. விற்ற சரக்கில் ஒரு சிறு பங்கை ஒவ்வொரு வணிகரும் பொதுவில் செலுத்தினார்கள். அது கோவிலுக்கும் பேட்டைக்கும் பள்ளிக்கும் போயிற்று. உறவின்முறை கூடி வரவு செலவைப் பார்த்தது. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை வணிகர்களின் மகமையாலும், வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியாலும் வளர்ந்த பள்ளி. நீதிமன்றம் பச்சையப்பருக்குச் செய்ததை அங்கே ஊரே செய்துகொண்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. பச்சையப்பர் கேட்டது பூசை, நீதிமன்றம் கொடுத்தது பள்ளிக்கூடம். பக்தர் ஒருவரின் இறுதி விருப்பத்தை அந்நிய நீதிபதிகள் தம் விருப்பத்துக்கு வளைத்தார்கள் என்று இதைச் சொல்லலாம். இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். இறந்தவரின் சொல்லை எளிதில் திருத்த ஆரம்பித்தால், நாளை யாரும் நம்பி எழுதிவைக்க மாட்டார்கள். ஆனால் நடந்த வரிசையைப் பார்க்க வேண்டும். உயிலில் சொன்ன தெய்வ காரியங்களுக்கு வேண்டிய தொகைதான் முதலில் ஒதுக்கப்பட்டது. அதன் பின் மிஞ்சியதே கல்விக்குப் போயிற்று. விளக்கெரிய வைத்த எண்ணெயைக் குறைத்துப் பள்ளி கட்டவில்லை. அதோடு, கோவிலையும் கல்வியையும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே நம் மரபுக்கு அவ்வளவு பொருந்துவதன்று. விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கோவிலைச் சார்ந்து நடந்த கல்லூரியில் 340 மாணவர்களுக்கு உணவும் படியும் அளக்கப்பட்டன. காஞ்சிக்கு அருகே திருமுக்கூடல் பெருமாள் கோவிலில், வீரராசேந்திரன் காலத்தில், மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இருந்ததைக் கோவில் சுவரே சொல்கிறது. மருந்தின் பெயர் முதல் மருத்துவரின் ஊதியம் வரை அதில் உண்டு. இறைவன் பெயரால் வந்த பணம் பிள்ளைகளின் படிப்புக்கும் நோயாளியின் கஞ்சிக்கும் போவது, சோழர் கால பக்தருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்றாக இருந்தது. 1842-இல் திறந்த பள்ளியைப் பச்சையப்பரின் பக்தியிலிருந்து விலகியதாக நான் நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது மறுப்புக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆற்காட்டு நவாபும் தஞ்சை மன்னரும் கடனில் மூழ்கியிருந்தார்கள். கும்பினியின் கேட்பும் தனிப்பட்ட ஐரோப்பியக் கடன்காரர்களின் வட்டியும் கடைசியில் குடியானவனின் களத்துமேட்டில்தான் வந்து விழுந்தன. அந்தச் சங்கிலியில் துபாசிகள் ஒரு கண்ணி. போரும் பஞ்சமும் கண்ட அந்தப் பத்தாண்டுகளில் காவிரிக் கரையில் ஒருவர் நாற்பது வயதுக்குள் பெரும் செல்வம் சேர்த்தார் என்றால், அதன் எடை யாரோ ஒருவர் தோளில் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. கோவிலுக்குக் கொடுத்ததால் அது சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதனால் அவரை மறந்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். கணக்கேட்டுக்கு வரவு, செலவு என்று இரண்டு பக்கங்கள் உண்டு. நினைவு விழாக்களில் செலவுப் பக்கத்தை மட்டும் வாசிக்கிறோம், அவரைத் தூற்றுபவர்கள் வரவுப் பக்கத்தை மட்டும் வாசிக்கிறார்கள். முழு ஏட்டையும் திறப்பதுதான் அவருக்கும் நியாயம், பெயர் தெரியாத அந்தத் தஞ்சைக் குடிகளுக்கும் நியாயம். தஞ்சைத் தரணியில் விளைந்த பணம் சென்னையில் எழுத்தறிவாக மாறியதில் அந்த உழவர்களுக்கும் பங்குண்டு என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

ஏட்டில் இன்னொரு குறையும் இருக்கிறது. பச்சையப்பன் கல்லூரி 1947 வரை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஒரு பக்தரின் கொடை, அவர் சமயத்தைச் சேர்ந்தவர்களுக்கு என்று வேலி போட்டுக்கொண்டது அந்தக் காலத்து வழக்கம் என்று விளக்கலாம். விளக்குவதால் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட மாணவனுக்கு ஆறுதல் இல்லை. ஆனாலும் வேலிக்குள் நடந்ததே எவ்வளவு! கும்பகோணத்தில் படிப்பைத் தொடர முடியாமல் போன சீனிவாச ராமானுஜன் 1906-இல் வந்து சேர்ந்த இடம் பச்சையப்பன். அங்கும் அவர் தேர்வில் தேறவில்லை, ஆனால் அவர் கணக்கைப் பொருட்படுத்திப் பேசிய ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். காஞ்சிபுரத்து எளிய குடும்பத்திலிருந்து வந்த அண்ணாதுரை பட்டம் பெற்றது அங்கேதான். மு. வரதராசனார் ஆண்டுக்கணக்காகத் தமிழ் கற்பித்தது அங்கேதான். கடவுள் நம்பிக்கையை ஊன்றுகோலாகக் கொண்ட ஒருவரின் பணத்தில், கடவுளைக் கேள்வி கேட்ட இயக்கத்தின் தலைவர்களும் படித்து வந்தார்கள். தனிமனிதரின் பக்தி பொதுச்சொத்தானால் இப்படித்தான் ஆகும். கொடுத்தவர் நினைத்துப் பார்த்திராத மனிதர்களுக்கும் அது பயன்பட ஆரம்பிக்கும். வேலி விழுந்த 1947-க்குப் பின் அதன் பயன் இன்னும் விரிந்தது.

கணக்குக் கேட்டால் கொடுப்பவர் கை சுருங்கிவிடும் என்று ஒரு பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். தருமம் செய்தவரிடம் ரசீது கேட்பது அவமதிப்பு என்பார்கள். கொடுப்பவருடைய அடக்கமும் நடத்துபவருடைய பொறுப்பும் வேறு வேறு என்பதை இந்தப் பேச்சு மறந்துவிடுகிறது. எவ்வளவு கொடுத்தேன் என்று சொல்லாமல் இருப்பது கொடையாளியின் பெருந்தன்மை. எவ்வளவு வந்தது, எங்கே போயிற்று என்று சொல்லாமல் இருக்கும் உரிமை தருமகர்த்தருக்குக் கிடையாது. நல்ல வணிகர் யாரும் கணக்குக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டதில்லை, தம் கடையில் மாலைதோறும் அதைத்தானே செய்கிறார்! கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தினர் 1926-இல் சொத்தைப் பிரித்தபோது நான்கு மகன்களுக்கு நான்கு பங்கு, தருமத்துக்கு ஐந்தாவது பங்கு என்று வைத்தார்கள். தருமத்தையும் ஒரு பிள்ளையாகப் பாவித்தார்கள் என்று இதை உருக்கமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. பங்கு என்று ஆகிவிட்டால் அதற்கு எல்லை உண்டு, பத்திரம் உண்டு, தனிக் கணக்கு உண்டு. தயவாகக் கொடுப்பதை நாளை நிறுத்திக்கொள்ளலாம், பங்கை அப்படி நிறுத்த முடியாது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட, கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் வாழ்நாளெல்லாம் உழைத்து, மருந்தகம், நூலகம், கல்விக்கடன் நிதி என்று ஏதாவது ஒன்றை நிறுவிவிட்டு மறையும் வணிகர்கள் இருக்கிறார்கள். மறைந்த மறுநாள் சுவரொட்டி, பதினாறாம் நாள் படத்திறப்பு, ஆண்டு நிறைவில் அன்னதானம் என்று ஊர் தன் நன்றியைக் காட்டுகிறது. அதன் பிறகு அந்த நிதி என்ன ஆயிற்று என்று கேட்க எளிதான வழி நம்மிடம் இல்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது, பொது தருமங்களுக்கு அது பொருந்தாது. பம்பாய் மாநிலம் 1950-லேயே பொது அறக்கட்டளைகளுக்கெனத் தனிச் சட்டம் செய்து, தரும ஆணையரை நியமித்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை அவரிடம் தர வைத்தது. இந்து சமய நிறுவனங்களுக்கு இங்கே அறநிலையத்துறை உண்டு. சமயம் சாராத ஒரு பொது தருமத்துக்கு அப்படி ஒரு ஆணையர் இல்லை. மிஞ்சியிருப்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு. பொது அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, கணக்கும் திட்டமும் கேட்டு வழக்குத் தொடரலாம். காம்ப்டனும் நார்ட்டனும் அன்று செய்ததை இன்று இரண்டு குடிமக்கள் செய்யலாம் என்பதே அதன் பொருள். ஆனால் இரண்டு சாதாரண மனிதர்கள் பல ஆண்டு வழக்கின் செலவைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியான ஏற்பாடு ஆகாது. வருமான வரிக்காகவும் வேறு பதிவுகளுக்காகவும் அறக்கட்டளைகள் எப்படியும் ஆண்டுக் கணக்கைத் தயாரிக்கின்றன. அதன் ஒரு படியை ஊர் நூலகத்தில் வைப்பதற்குப் புதுச் செலவு எதுவும் இல்லை. மூல உயிலையும் அதோடு சேர்த்து வைத்தால், எழுதியது ஒன்று நடப்பது ஒன்றா என்று பள்ளி ஆசிரியரோ ஓய்வுபெற்ற எழுத்தரோ கடைக்காரரோ தாமே பார்த்துக்கொள்வார்கள்.

பச்சையப்பன் அறக்கட்டளையே இதற்குச் சாட்சி. நூற்றைம்பது ஆண்டுகள் பல கல்லூரிகளையும் பள்ளிகளையும் வளர்த்த அதன் நிர்வாகம், அண்மைக் காலத்தில் மீண்டும் வழக்குகளில் சிக்கி, உயர் நீதிமன்றம் நியமித்த இடைக்கால நிர்வாகியின் பொறுப்புக்குப் போனது. ஒருமுறை மீட்ட தருமத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை மீட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதைக் கண்டு சோர்வதற்கு ஒன்றும் இல்லை. 1794-இல் அவர் எழுதிய தாள் இன்னும் நீதிமன்றத்தில் பேசுகிறது என்றால், அது எழுதியவருக்கும் பெருமை, கேட்பவர்களுக்கும் பெருமை. அவர் மறைந்த நாள் மார்ச் 31. நம் நாட்டில் ஏடு முடித்துக் கணக்குக் கட்டும் நாளும் அதுவே. அன்று அவர் படத்துக்கு மாலை போட்டபின், அந்த ஆண்டின் வரவையும் செலவையும் மாணவர்கள் முன்னால் யாராவது ஒருவர் உரக்க வாசிக்கட்டும்.